தோட்டம் என்பது எது?



"தோட்டம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்முன் வந்து நிற்பது எது? நம் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு அது பூச்செடிகள் நிறைந்த இடமன்று. பிரட்டுக்களம், பால்வாளி, செம்பனைக் குலை, லயத்து வரிசை, மாரியம்மன் கோயில் ஆகியவைதாம் நமக்குத் தோட்டம். "தோட்டத்துக்குப் போய் வருகிறேன்" என்று நம்மவர் ஒருவர் சொன்னால் அவர் வேலைக்குப் போகிறார் என்று பொருள். அதே வாக்கியத்தைப் பட்டணத்திலிருந்து வரும் பயணி ஒருவர் சொன்னால் அவர் ஓய்வுக்குப் போகிறார் என்று பொருள். சொல் ஒன்றுதான். அதைச் சொல்பவர் நிற்கும் இடந்தான் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு "நான் விரும்பும் தோட்டம்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தோம். ரோஜாவும் மல்லிகையும் வண்ணத்துப்பூச்சியும் வரும் என்று எதிர்பார்த்தோம். ஒரு சிறுமி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள். அம்மா இருட்டிலேயே எழுந்து சோறாக்குவது, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போவது, மழை வந்தால் வருமானம் போவது என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில், "எங்கள் தோட்டத்தில் யாரும் சும்மா உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் மண்டோர் ஏசுவார்" என்று முடித்திருந்தாள். நாங்கள் சிவப்பு மையில் "தலைப்பைப் புரிந்துகொள்ளவில்லை" என்று எழுதி நான்கு புள்ளிகளைக் குறைத்தோம். அது எவ்வளவு பெரிய தவறு என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்கிறோம்.

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், அமைதியை நாடி வரும் பயணிகளுக்காக அமைக்கப்படும் ஓய்வுத் தோட்டங்கள். உயர்ந்த விடுதிகளைச் சுற்றிப் புல்வெளியும் பூப்பாத்தியும் நிழல்மரமும் நீரோசையுமாக அமைந்திருக்கும் இடங்கள் அவை. "அவை பணக்காரர் போகும் இடம், நமக்கு அதைப்பற்றி என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு அதில் பங்குண்டு என்பதைக் காட்டத்தான் இந்தப் பேச்சு. நமக்கு நன்கு பழக்கமான ஓரிடத்தையே எடுத்துக்கொள்வோம். அது கேமரன் மலை.

கேமரன் மலை பகாங் மாநிலத்தில், பேராக், கிளந்தான் எல்லைகளை ஒட்டி இருக்கிறது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்தப் பக்கத்து மலைகளை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆனால் அதன்பின் நாற்பது ஆண்டுகள் வரை அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925ஆம் ஆண்டில் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற உயர் அதிகாரி மேலே சென்று பார்த்துவிட்டு, இதை மலைவாச நகரமாக்கலாம் என்று முனைந்தார். சமவெளியின் வெப்பத்தில் வாடிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் துரைமார்களுக்கும் தங்கள் ஊரைப்போன்ற குளிர்ச்சியான ஓரிடம் வேண்டியிருந்தது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை போடும் வேலை 1926இல் தொடங்கியது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம், வளைவுக்கு மேல் வளைவு. 1930களின் தொடக்கத்தில் அது முடிந்தது. இதற்கிடையே, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அங்கே ஓய்வுத் தோட்டமும் உழைப்புத் தோட்டமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தன.

1937ஆம் ஆண்டில் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையில் ஸ்மோக் ஹவுஸ் என்ற விடுதி எழுந்தது. இங்கிலாந்து நாட்டுப்புறத்துப் பழைய வீட்டைப் போலவே கருப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாகக் கட்டினார்கள். அதைச் சுற்றி இங்கிலாந்து நாட்டுப் பாணியில் பூந்தோட்டம் வைத்தார்கள். தம் ஊரை விட்டுப் பல ஆயிரம் மைல் வந்தவர்களுக்கு ஊர் ஏக்கத்தைத் தீர்க்க ஒரு தோட்டம் தேவைப்பட்டது. அந்த ஏக்கம் நமக்கும் புரியாததன்று. நம் பாட்டன் பூட்டன்மார் லயத்து வாசலில் துளசியும் முருங்கையும் கருவேப்பிலையும் நட்டார்களே, அது எதற்காக? சமையலுக்காக மட்டுமா? விட்டு வந்த ஊரைக் கொஞ்சம் கொண்டுவந்து வாசலில் வைத்துக்கொள்ளத்தானே!

சரி, ஓரிடத்தில் அமைதி எப்படி உண்டாகிறது? அது தானாக வருவதில்லை. இயற்கை பாதி கொடுக்கிறது. மனிதர் மீதியைச் செய்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது குளிர்ச்சி. உயரம் கூடக் கூடக் காற்று குளிர்கிறது. பொதுவாக ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஆறரை டிகிரி செல்சியஸ் அளவில் குறையும். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகளே, கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.44ஐ 6.5ஆல் பெருக்கினால் 9.36 வரும். கீழே தாப்பாவில் நண்பகல் 32 டிகிரி என்றால் மேலே சுமார் 23 டிகிரிதான் இருக்கும். அங்கே உடம்பு வியர்த்துக் களைப்பதில்லை. இரவில் போர்வை வேண்டும். குளிர்ச்சியில் பூவும் மெதுவாகவே மூச்சு விடுகிறது. அதனால் அதன் சேமிப்பு சீக்கிரம் கரைவதில்லை. கீழே விரைவில் வாடிப்போகும் ரோஜா மேலே பல நாள் நிற்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது மண். கேமரன் மலைக்குப் போனவர்கள் பந்து பந்தாகப் பூக்கும் நீலப் பூவைப் பார்த்திருப்பீர்கள். ஹைட்ரேஞ்சியா என்பது அதன் பெயர். அந்தச் செடியிடம் ஒரு வேடிக்கை உண்டு. மண்ணில் புளிப்புத் தன்மை அதிகமாக இருந்தால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறும், பூ நீலமாகும். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்தால் அலுமினியம் ஏறாது, பூ இளஞ்சிவப்பாகும். வெள்ளைப் பூ இனங்கள் மட்டும் இப்படி மாறுவதில்லை. தேயிலைக்கும் இதே புளிப்பு மண்தான் பிடிக்கும். ஆகவே தேயிலை செழிக்கும் மலையில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதில் வியப்பில்லை. விருந்தினர் நின்று படம் பிடித்துக்கொள்ளும் நீலப் பூவும், நம்மவர் கொழுந்து கிள்ளிய தேயிலைச் செடியும் ஒரே மண்ணின் பிள்ளைகள்.

மூன்றாவது ஓசை. செடிவேலி ஒன்றை நட்டுவிட்டால் வாகனச் சத்தம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. ஒரு வரிசைச் செடி ஓசையைச் சிறிதளவே குறைக்கும். நன்றாகக் குறைய வேண்டுமானால் பல மீட்டர் அகலத்துக்கு மரமும் புதரும் நெருங்கி நிற்க வேண்டும், அல்லது வீடு சாலையை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். ஆனாலும் வேலிக்கு ஒரு பயன் உண்டு. சத்தம் எழுப்பும் வண்டி கண்ணுக்குத் தெரியாமல் போனால், மனம் அதை முன்போல் பொருட்படுத்துவதில்லை. கூடவே ஒரு சிறு நீரோட்டத்தை விழ விட்டால், சலசலவென்ற ஒரே சீரான ஓசை மற்றச் சத்தங்களை மூடிவிடும். நல்ல தோட்டக்காரர் ஓசையை ஓசையால் மறைக்கிறார்.

நான்காவது பாதை. இத்தகைய தோட்டங்களில் பாதை நேராகப் போவதில்லை. ஒரு புதரைச் சுற்றி வளையும், அங்கே ஒரு பெஞ்சு இருக்கும், மீண்டும் வளையும். அடுத்து என்ன வரும் என்பது தெரியாததால் கால் தானாக மெதுவாகிறது. கால் மெதுவானால் மூச்சும் மெதுவாகிறது. நம் தோட்டங்களில் மரவரிசை நேர்க்கோட்டில் நிற்பது ஏன்? வேலை விரைவாக நடக்க. அங்கே பாதை வளைவது ஏன்? நடை தாமதமாக. நோக்கத்துக்கு ஏற்ப அமைப்பு!

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதுதான் உழைப்பு. அது பெரும்பாலும் பார்வைக்கு வருவதில்லை. விருந்தினர் எழுந்து சன்னலைத் திறக்கும்போது பாதையில் ஒரு சருகும் இருக்காது. சருகு விழாமலா இருந்தது? விடியுமுன் ஒருவர் கூட்டியிருக்கிறார். வாடிய பூவைக் கிள்ளியவர் ஒருவர், வேலியை வெட்டியவர் ஒருவர், புல்லை அளவாக வெட்டியவர் ஒருவர். அவர்கள் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு பார்வையிலிருந்து விலகிவிடுகிறார்கள். விருந்தினர் பெறும் அமைதியின் ஒரு பகுதி, வேலை செய்பவர் கண்ணில் படாமல் இருப்பதால் வருகிறது. இதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அமைதி நாடி வந்த ஒருவரைப் பற்றிய செய்தி ஒன்று இந்த மலையில் இன்றும் பேசப்படுகிறது. தாய்லாந்துப் பட்டை உலகெங்கும் புகழ்பெறச் செய்த ஜிம் தாம்சன் என்ற அமெரிக்க வணிகர், 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு நண்பர்களுடைய பங்களாவுக்கு வந்தார். மார்ச் 26ஆம் நாள் பிற்பகலில் தனியே உலாவச் சென்றவர் திரும்பவே இல்லை. போலீசார், படைவீரர்கள், காட்டை நன்கறிந்த ஒராங் அஸ்லி மக்கள் என எத்தனையோ பேர் தேடியும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. பலர் பல கதை சொல்வார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். புல்வெளி முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. பிள்ளைகளை அழைத்துப் போனால் காட்டுப் பாதையில் தனியே விடாதீர்கள்.

இனி, முன்னர்ச் சொன்ன கதைக்கு வருவோம். ஒரு பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்களையும் சில பெற்றோரையும் ஒரு பேருந்தில் கேமரன் மலைக்கு அழைத்துச் சென்றோம். கட்டுரை எழுதிய சிறுமியும் வந்தாள். அவளோடு அவள் பாட்டியும் வந்தார். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். இரு முழங்காலும் தேய்ந்து, மெல்ல மெல்ல நடப்பார். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு விடுதியின் பூந்தோட்டத்தருகே பேருந்து நின்றது. பிள்ளைகள் வேலியோரமாக நின்று நீலப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி மட்டும் திறந்திருந்த வாயிலின் வழியே உள்ளே போய், மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

காவலர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "விடுதியில் தங்குபவர்களுக்கு மட்டுந்தான் அம்மா" என்றார். அவர்மேல் குற்றமில்லை, அவர் வேலை அது. நாங்கள் பாட்டியின் கையைப் பிடித்து எழுப்பினோம். எழுந்தவர் எங்களைப் பார்த்து, "டீச்சரம்மா, நாப்பது வருசம் மரத்துங்கூடவே நின்னேன். மரத்தடியில ஒக்காந்து மரத்தப் பாத்தது இன்னிக்கித்தான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிறுமி சிரிக்கவில்லை. "டீச்சர், இதுதான் நீங்க கேட்ட தோட்டமா?" என்று கேட்டாள்.

அன்றிரவு வீடு திரும்பியதும் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. தலைப்பைப் புரிந்துகொள்ளாதவர் அந்தச் சிறுமியா, நாங்களா?

நேயர்களே, அமைதியான இடத்தில் சற்று உட்கார்ந்திருப்பது ஆடம்பரமா, தேவையா? இதற்கு ஒரு சான்று சொல்கிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. அங்கே 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் அல்ரிக் என்ற ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். சில நோயாளிகளின் சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மற்றவர்களின் சன்னலுக்கு வெளியே வெறும் செங்கல் சுவர். வயது முதலியவற்றில் ஒத்த 23 இணைகளை அவர் ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவான நேரம் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் இந்த ஆய்வு வெளிவந்தது. சிறிய ஆய்வுதான்; ஆனால் அதன்பின் எத்தனையோ மருத்துவமனைகள் தோட்டம் அமைப்பதைப்பற்றிச் சிந்திக்க அது தூண்டியது. மரத்தைப் பார்ப்பது உடம்புக்கு நல்லதென்றால், அது எல்லா உடம்புக்கும் நல்லதுதானே? உழைத்துத் தேய்ந்த உடம்புக்கு இன்னும் நல்லதல்லவா?

ஆனால் விலை என்று ஒன்று இருக்கிறது. 2025 பிப்ரவரி முதல், ஐந்து பேருக்குக் குறையாத தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டம் ஆயிற்று. மாதம் 26 நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி. உயர்ந்த விடுதி ஒன்றில் ஓர் இரவுக்கு 500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய எட்டு நாள் உழைப்பு ஓர் இரவில் போய்விடும். பிள்ளைகளின் பள்ளிச் செலவை நிறுத்திவிட்டு அங்கே போய்ப் படுங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

அப்படியானால் அமைதி நமக்குக் கிடையாதா? உண்டு. கட்டணமின்றியே உண்டு. தைப்பிங் ஏரிப் பூங்காவை நினைத்துப் பாருங்கள். ஈயம் தோண்டி எடுத்துவிட்டுக் குழியும் மேடுமாகக் கைவிடப்பட்ட நிலம் அது. 1880இல் அதையே பொதுமக்கள் பூங்காவாக மாற்றத் தொடங்கினார்கள். ஈயக் குழிகள் ஏரிகளாயின. கரையில் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் வளர்ந்து, சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. பினாங்கில் 1884இல் தொடங்கப்பட்ட தாவரப் பூங்கா இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் நம் குடும்பங்களில் எத்தனை பேர், கோயிலுக்கு அருகிலேயே இருக்கும் அந்தப் பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்? அங்கெல்லாம் காவலர் வந்து எழுப்பமாட்டார். அவை பொதுச் சொத்து. பொதுச் சொத்து என்றால் நமக்கும் சொத்து.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். அமைதியை விற்கும் இடமே அமைதியை இழக்கக்கூடும். கேமரன் மலையில் காய்கறிக்கும் பூவுக்கும் கட்டடத்துக்கும் என்று சரிவுகள் வெட்டப்பட்டன. காடு இருந்தவரை மழைத்துளி இலையில் விழுந்து, பாசியில் தங்கி, மெல்ல இறங்கியது. காடு போனபின் மழை நேரே மண்ணில் அடித்தது. மண் ஆற்றில் இறங்கியது. ரிங்லெட்டில் மின்சாரத்துக்காக 1963இல் முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் வண்டல் நிறைந்து, தண்ணீர் கொள்ளும் அளவு குறைந்தது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில், கனமழைக்குப்பின் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் புகுந்தன. வீடுகள் சேதமாயின, உயிர்களும் போயின. மேலே பூப்பாத்தியைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் வேறு, கீழே வெள்ளத்தில் தவித்தவர்கள் வேறு. ஆகவே ஒரு தோட்டம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அதன் தண்ணீரும் மண்ணும் எங்கே போகின்றன என்றும் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கேமரன் மலையிலிருந்து திரும்பிய பிறகு நாங்கள் என்ன செய்தோம்? எங்கள் தோட்டத்தில் பழைய ஆயாக்கொட்டகை இருந்த இடம் புதர் மண்டிக் கிடந்தது. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டோம். நிலம் நிர்வாகத்தினுடையது, கேட்காமல் கைவைத்தால் பிறகு வீண் தகராறு வரும். அனுமதி கிடைத்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து புதரை வெட்டினார்கள். நாங்கள் செய்ததைச் சொல்கிறோம். உங்கள் இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் நிழலைப் பார்த்தோம். இருந்த ஒரே மாமரத்தை வெட்டாமல் அதன் அடியில் பழைய பலகையால் இரண்டு பெஞ்சுகள் போட்டோம். பெஞ்சு மாலை வெயிலுக்கு முதுகு காட்டியிருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்து எழுவதற்குப் பெஞ்சு தாழ்வாக இருக்கக்கூடாது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கட்டையும் வேண்டும். இதைப் பாட்டிதான் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்துச் செடிகள். சமவெளியில் ரோஜாவோடும் ஹைட்ரேஞ்சியாவோடும் மல்லுக்கட்ட வேண்டாம். நம் வெயிலுக்குப் பிறந்த செடிகளே போதும். சாலைப் பக்கம் வேலியாகச் செம்பருத்தியும் இட்லிப்பூவும், உள்ளே நந்தியாவட்டையும் மல்லிகையும், மூலையில் ஒரு பவளமல்லி, பாதையோரம் துளசியும் பண்டானும். எல்லாம் லயத்து வாசல்களில் கிளை ஒடித்து வாங்கியவையும் நாற்றாகப் பிடுங்கியவையுமே. பணம் கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை. உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால் என்று நட்டால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

மண் காயாமலிருக்கச் செம்பனை ஆலையிலிருந்து வரும் வெறுங்குலைகளைச் செடியடியில் பரப்பினோம். இதைக் குவித்துவைக்கக் கூடாது. குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பிறகு செம்பனைக் கன்றுகளை அழிக்கும். ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும்.

தண்ணீரில் மிகுந்த கவனம் வேண்டும். அழகுக்காகத் தொட்டி வைத்தால் அதில் சிறு மீன்களை விடுங்கள்; அவை கொசுப் புழுக்களைத் தின்றுவிடும். பூச்சட்டியின் அடித்தட்டு, உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை, பால் பிடிக்கும் பழைய கோப்பை ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை தவறாமல் கவிழ்த்துவிடுங்கள். அமைதிக்காக வைத்த தோட்டம் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடாது.

பெற்றோருக்கு இன்னொரு சொல். தோட்டக் கலையைத் தாழ்ந்த வேலை என்று நினைக்காதீர்கள். "எம்பிள்ளையும் மண்வெட்டி பிடிக்கணுமா?" என்று ஒரு தந்தை எங்களிடம் வருத்தத்தோடு கேட்டார். அவர் வருத்தம் நியாயமானது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நின்றவர்கள், பிள்ளை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுவார்கள். ஆனால் நிலத்தின் அழகைத் திட்டமிட்டு அமைப்பது இன்று பல்கலைக்கழகப் படிப்பு. செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. நாற்றுமேடை போடவும், கன்றுக்கு மொட்டு ஒட்டுக் கட்டவும், சரிவில் மண் ஓடாமல் படிக்கட்டு வெட்டவும், மூடுபயிர் விதைக்கவும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். புத்தகத்தில் படித்து வருபவர் ஆண்டுக்கணக்கில் பழக வேண்டிய அறிவு நம் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த அறிவோடு படிப்பும் சேர்ந்தால், நம் பிள்ளை பிறருடைய தோட்டத்தைக் கூட்டுபவராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. அதை வரைந்து அமைப்பவராகவும் ஆகலாம். முதலில் பாட்டி தாத்தாவிடம் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் சிறு தோட்டம் ஒன்றும் பெரிய காட்சிப்பொருள் அல்ல. ஒரு மாமரம், இரண்டு பெஞ்சு, ஒரு வளைந்த பாதை, கொஞ்சம் பூ. தோட்டம் கைமாறினால் அதுவும் போய்விடலாம். நாடெங்கும் எத்தனையோ தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறியதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் நடத் தெரிந்தவர்கள் எங்கே போனாலும் நடுவார்கள். மாலை ஐந்து மணிக்குமேல் அந்த மாமரத்தடியில் இப்போது ஐந்தாறு பாட்டிமார் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசுகிறார்கள்; சில வேளை பேசாமலும் இருக்கிறார்கள். யாரும் வந்து எழுப்புவதில்லை.

அந்தச் சிறுமி இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவள் தொடக்கப்பள்ளியை விட்டுப் போகுமுன், பழைய கட்டுரை ஏட்டை எடுத்துவரச் சொன்னோம். சிவப்பு மையில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, குறைத்த நான்கு புள்ளிகளையும் திருப்பிக் கொடுத்தோம். அவள் ஏட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், கடைசி வரியை மாத்தி எழுதிக்கலாமா?" என்று கேட்டாள். "எழுதிக்கொள்" என்றோம். "எங்கள் தோட்டத்தில் யாரும் சும்மா உட்கார மாட்டார்கள்" என்ற வரிக்குக் கீழே, "இப்போது ஓர் இடத்தில் மட்டும் உட்காருகிறார்கள்" என்று எழுதினாள்.

நேயர்களே, இந்த வாரம் உங்கள் வாசலைச் சற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு மரத்தடி, ஒரு பலகை, ஒரு செம்பருத்திக் கிளை போதும், தொடங்குவதற்கு. வேலை முடிந்து வருபவர் பத்து நிமிடம் உட்கார அங்கே ஓர் இடம் இருக்கட்டும்.